கண் மூடினால் கணக்கில்லை

பெட்டி கண் சிமிட்டத் தொடங்கியபோது மேவிஸ் தன் காஸரோல் பாத்திரத்தை வாங்கிக்கொண்டு கிளம்பத்தான் இருந்தார்.

"அது என்ன நெவ், டிவிக்கு மேல?"

"எது?"

"செவப்பா மினுங்குதே, அது."

நெவில் ஹாரிகன் முப்பத்திரண்டு வருடம் யாராபின் தானியக் கிடங்கின் எடைமேடையில் உட்கார்ந்தவர். அறுவடைக் காலத்தில் ஒரு நாளைக்கு நூறு லாரி ஏறி இறங்கும். எந்த லாரிக்கும் ஒரு கிலோ கூட்டியோ குறைத்தோ எழுதியதில்லை. சொந்த மைத்துனனின் லாரியிலிருந்து நாயை இறக்கச் சொல்லி மறுபடி எடை போட்டவர் என்று ஊரில் இன்றும் சொல்வார்கள். அப்படிப்பட்டவருக்குப் பொய் வராது. வராத காரியத்தை அவசரத்தில் செய்து பார்த்தார்.

"ஈரப்பதம் அளக்கற கருவி."

"எவ்வளவு காட்டுது?"

"பன்னிரண்டு."

"அது கோதுமைக்குச் சரி. வரவேற்பறையில நீ கோதுமையா போட்டு வச்சிருக்கே?"

மேவிஸ் ப்ரோடி பக்கத்து வீட்டுக்காரர், நாற்பது வருடமாகக் கோதுமை போடுகிறவர். மூக்குக்கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு பெட்டியின் பக்கத்தில் போனார். அதன் நெற்றியில் எழுத்து ஓடிக்கொண்டிருந்தது: 'யார் பார்க்கிறீர்கள்?'

"ஈரப்பதம் என்னைப் பாத்து யார்னு கேக்குது, நெவ்."

நெவில் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். யாரிடமும் சொல்லக் கூடாது என்று நிபந்தனை போட்டுத்தான் பிப்ரவரியில் அந்தப் பெட்டியை வைத்துவிட்டுப் போயிருந்தார்கள். நாட்டில் எத்தனை பேர் எந்த நிகழ்ச்சியைப் பார்க்கிறார்கள் என்று அளக்கிற நிறுவனம் அது. எல்லா வீட்டிலும் போய் எண்ண முடியாது என்பதால் இங்கொன்றும் அங்கொன்றுமாகச் சில வீடுகளைப் பொறுக்கி எடுப்பார்கள். டிவி முன்னால் உட்காருகிறவர் தனக்குரிய பொத்தானை அழுத்த வேண்டும். விருந்தாளி வந்தால் அவருக்கும் ஒரு பொத்தான் உண்டு, வயதோடு.

வைக்க வந்தவர், "வீட்டுல எத்தனை பேர்?" என்று கேட்டபோது நெவில் "ரெண்டு" என்றார். பிறகு "ஒண்ணு" என்று திருத்தினார். ஐரிஸ் இறந்து அப்போது நான்கு மாதம்தான் ஆகியிருந்தது.

அதற்குப் பிறகு அவர் யாருக்கும் கதவைத் திறப்பதில்லை. ஊர் மனிதர்கள் வாசற்படியில் சாப்பாடு வைத்துவிட்டுப் போவார்கள். நெவில் பாத்திரத்தைக் கழுவி வேலிக் கம்பத்தில் கவிழ்த்து வைப்பார். அன்று குப்பைத் தொட்டியை வெளியே தள்ளுவதற்காகக் கதவைத் திறந்தவர் மறந்துபோய்ச் சாத்தாமல் விட்டதால்தான் மேவிஸ் உள்ளே வந்தார்.

"சொல்லிடாதே மேவிஸ். சத்தியமா யாருகிட்டயும் சொல்லக் கூடாது."

"நான் எதுக்குச் சொல்றேன்," என்றார் மேவிஸ். சொன்ன குரலிலேயே அவர் சொல்லப்போகிறார் என்பது தெரிந்தது.

எங்கள் யாராபினைப் பற்றி இங்கே ஒரு வார்த்தை சொல்லியாக வேண்டும். ஒரே தெரு, ஒரே மதுக்கடை, இரண்டு கால்பந்து. ரூல்ஸ் என்பது வட்ட மைதானத்தில் பதினெட்டுப் பேர் பந்தை உதைத்து, அடுத்தவன் தோளில் ஏறிப் பிடிப்பது. லீக் என்பது செவ்வகமாகக் கோடு போட்ட மைதானத்தில் பதின்மூன்று பேர் பந்தை அணைத்துக்கொண்டு எதிராளியின் நெஞ்சில் போய் மோதுவது. ஒரு குடும்பத்தில் இரண்டும் இருந்தால் கல்யாணப் படத்தில்கூடத் தள்ளித்தான் நிற்பார்கள். இரண்டு கிளப்புக்கும் மைதானமும் உடைமாற்றும் கொட்டகையும் ஒன்றுதான். கொட்டகைக் கூரை பதினோரு வருடமாக ஒழுகுகிறது. பழுதுபார்க்க ஊராட்சிக்கு இரண்டு கிளப்பும் சேர்ந்து மனு கொடுக்க வேண்டும். யார் பெயர் மேலே வருவது என்ற சண்டையில் அந்த மனுவில் இன்றுவரை ஒரு கையெழுத்தும் விழவில்லை.

இந்த இரண்டு கட்சியிலும் சேராத ஒரே ஆள் நெவில். ஐரிஸோ இரண்டு கட்சியிலும் சேர்ந்த ஒரே ஆள். சனிக்கிழமை ரூல்ஸ் ஆட்டத்துக்குப் பூசணி ஸ்கோன் என்கிற சின்ன ரொட்டி சுட்டுக் கொடுப்பார். ஞாயிற்றுக்கிழமை லீக் ஆட்டத்துக்கும் அதே ஸ்கோன்.

அந்த மார்ச்சில் சேனல்காரர்கள் ஓர் அறிவிப்பு விட்டிருந்தார்கள். இப்போது வெள்ளிக்கிழமை ஏழரைக்கு இரண்டு ஆட்டமும் இரண்டு சேனலில் வருகிறது. அடுத்த வருடம் எங்கள் வட்டாரத்துக்கு ஒன்றுதான் நேரலை, மற்றது இரவு பதினொன்றரை மணிக்குப் பதிவாக. எதை எத்தனை பேர் பார்க்கிறார்கள் என்று எண்ணி, செப்டம்பரில் முடிவு சொல்வார்கள். ஊரே பல்லைக் கடித்துக்கொண்டிருந்த நேரத்தில்தான் மேவிஸ் அந்தப் பெட்டியைப் பார்த்தார்.

அடுத்த வெள்ளிக்கிழமை ஏழு மணிக்குக் கதவு தட்டப்பட்டது. நெவில் வழக்கம்போல விளக்கை அணைத்துவிட்டு, மத்தி மீன் டப்பாவும் முள்கரண்டியுமாகச் சமையலறைத் தொட்டியோரம் நின்றுகொண்டிருந்தார். வெள்ளிக்கிழமை இரவுச் சாப்பாடு அவருக்கு அப்படித்தான் ஆகிவிட்டிருந்தது.

"நெவ், உள்ளே இருக்கேன்னு தெரியும்," என்றார் வெளியிலிருந்து மேவிஸ். "ஒரே ஒரு கேள்வி. விருந்தாளி வந்து டிவி பாத்தா எண்ணணும்னு விதி இருக்கா இல்லையா?"

நெவில் யோசித்தார். "இருக்கு."

"விருந்தாளி வந்திருக்கு. கதவைத் திற. எண்ணு."

கடமை என்று வந்துவிட்டால் நெவில் என்ன செய்வார்? திறந்தார். ரூல்ஸ் கிளப்பார் எட்டுப் பேர் நின்றார்கள். மேவிஸ் கையில் ஆட்டுக்கறி காஸரோல், மற்றவர்கள் கையில் மடக்கு நாற்காலிகள்.

"வயசு சொல்லு," என்றார் நெவில், ரிமோட்டைப் பிடித்துக்கொண்டு.

"அம்பத்து நாலு," என்றார் மேவிஸ்.

"உன் அறுபதாவது பிறந்த நாளுக்கு நான் வந்திருந்தேன். அது ரெண்டு வருஷத்துக்கு முன்னால."

"என் வயசை எடை போட உன்னை யாரு கூப்பிட்டா?"

அறுபத்திரண்டு என்றே அழுத்தினார். மேவிஸ் ஆட்டத்தின் முதல் கால் பகுதி முடியும்வரை அவரோடு பேசவில்லை. ஆனால் தட்டு நிறைய கறி வைத்தார்.

அவர்கள் போன பிறகு நெவிலுக்கு மனம் உறுத்தியது. தராசில் ஒரு பக்கம் எட்டுப் பேர் ஏறிவிட்டார்கள். சரிசெய்ய ஒரே வழிதான் அவருக்குத் தோன்றியது. மறுநாள் டயர் கடைக்குப் போய், லீக் கிளப்பின் தலைவர் ப்ளூவிடம் விஷயத்தைச் சொன்னார். ப்ளூவின் உண்மைப் பெயர் டக்ளஸ். தலைமுடி செம்பட்டை என்பதால் ஊரில் எல்லோருக்கும் அவர் 'ப்ளூ'. இதில் என்ன நியாயம் என்று இங்கே யாரும் கேட்பதில்லை.

"எட்டுப் பேரா?" என்றார் ப்ளூ, திருகுசாவியைக் கீழே வைத்துவிட்டு. "யோவ், இதை ஏன்யா நேத்தே சொல்லல?"

"சமமா இருக்கணும்னுதான் சொல்றேன். நீயும் எட்டுப் பேரோட நிறுத்திக்கோ."

"எட்டுதான்," என்றார் ப்ளூ. அடுத்த வெள்ளிக்கிழமை பதினொரு பேரோடு வந்தார். தகவல் தெரிந்து மேவிஸ் பதின்மூன்று பேரோடு வந்தார். நெவில் வீட்டில் இருந்ததோ ஒரே டிவி.

"லீக் போடு."

"ரூல்ஸ்தான் முதல்ல வந்துச்சு."

"கறி அடைச்ச மீட் பை நாங்கதான் கொண்டுவந்தோம். சூடு ஆறுது."

நெவில் எடைமேடை நாட்களில் செய்ததுபோலச் சுவரில் ஒரு கால அட்டவணை ஒட்டினார். இருபது நிமிடம் ரூல்ஸ், இருபது நிமிடம் லீக். ஆனால் அதில் வேறொரு சிக்கல் இருந்தது. ரூல்ஸ் ஓடும்போது லீக்காரர்கள் அறையில் இருந்தால், அவர்களும் ரூல்ஸ் பார்த்ததாக ஆகிவிடும்.

"நாங்க கண்ணை மூடிக்கறோம்," என்றார் ப்ளூ.

"அறையில இருக்கறவங்களை எண்ணித்தான் ஆகணும். எண்ண வேணாம்னா சமையலறைக்குப் போங்க."

அப்படியாக ஒவ்வொரு இருபது நிமிடமும் ஒரு படை எழுந்து சமையலறைக்குப் போனது, இன்னொரு படை வந்து உட்கார்ந்தது. நெவில் பொத்தான்களை அழுத்தி அழுத்திக் கட்டைவிரலில் பிளாஸ்திரி போட்டுக்கொண்டார். சமையலறையில் சும்மா நிற்க முடியாத லீக்காரர்கள் பாத்திரம் கழுவினார்கள். ஐரிஸ் காலத்திலிருந்து சொட்டிய குழாயை ப்ளூ கழற்றி மாட்டினார். அதைப் பார்த்த ரூல்ஸ் படை தன் முறைக்கு அலமாரிக் கதவைச் சரிசெய்தது. அடுத்த வாரம் இவர்கள் அடுப்பைத் துலக்க, அவர்கள் ஜன்னல் திரையைத் துவைத்துத் தைத்துக் கொண்டுவந்து மாட்டினார்கள். சண்டை மட்டும் ஒரு நிமிடம்கூட ஓயவில்லை.

"போன வாரம் நாடு முழுக்க எங்களை எட்டிப் பாத்தவங்க அதிகம்," என்றார் மேவிஸ், தட்டுத் துடைத்தபடி.

"உங்க ஆட்டம் ரெண்டரை மணி நேரம் ஓடுது," என்றார் ப்ளூ. "அவ்வளவு நேரம் கதவைத் தெறந்து வச்சா யாரு வேணா எட்டிப் பாப்பான். நிமிஷத்துக்கு எத்தனை பேர் உக்காந்திருந்தான்னு பாரு. அதுல நாங்கதான்."

"ஒன்றரை மணி நேரத்துல முடிஞ்சு போறதுக்கு உக்காந்தா என்ன, நின்னா என்ன."

"நெவ், நீ சொல்லு. எட்டிப் பாத்தது கணக்கா, உக்காந்து பாத்தது கணக்கா?"

"லாரி மேடையில ஏறி நின்னாத்தான் எடை," என்றார் நெவில். இரண்டு பேரும் அது தங்களுக்குச் சாதகம் என்று எடுத்துக்கொண்டார்கள்.

விதி கடுமையாகத்தான் இருந்தது. ஆட்டம் ஓடும்போது தூங்கினால் நெவில் அந்த ஆளைக் கழித்துவிடுவார். முதலில் மாட்டியவர் லீக் கட்சியின் ஃபாதர் டூலன்.

"ஃபாதர், உங்களை எடுத்துட்டேன். தூங்கிட்டீங்க."

"கண்ணைத்தான் மூடியிருந்தேன். ஜெபம்."

"யாருக்காக?"

"நம்ம அணிக்காக."

"ஜெபத்துக்குப் பொத்தான் இல்ல ஃபாதர்."

மேவிஸ் சிரித்த சிரிப்பில் கையிலிருந்த லாமிங்டன் கேக் ஃபாதரின் மடியில் விழுந்தது. நெவிலும் சிரித்துவிட்டார். சிரித்து முடித்த பிறகுதான், தான் சிரித்தது அவருக்கே தெரிந்தது. ஐரிஸ் போன அக்டோபருக்குப் பிறகு இதுதான் முதல் தடவை. அன்றிரவு எல்லோரும் போன பிறகு, மடக்கு நாற்காலிகள் நின்ற தடம் பதிந்த கம்பளத்தைப் பார்த்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். யாருக்கு நன்றி சொல்வதென்று தெரியவில்லை. கடைசியில் பெட்டிக்குச் சொல்லிவிட்டுப் படுத்தார்.

வியாழக்கிழமையே கதவைத் திறந்துவைக்கும் அளவுக்கு மனிதர் மாறிப்போனார். மத்தி மீன் டப்பாக்கள் அலமாரியில் தூசி படிந்து கிடந்தன.

எங்கள் பக்கம் குளிர்காலத்தின் நடுவான ஜூலை மாதம் ஒருநாள், பெட்டியோடு வந்த கையேட்டை எதற்கோ புரட்டினார். பதின்மூன்றாம் பக்கத்தில், இந்த வட்டாரத்தில் பதிவாகும் ஒருவர் சுமார் ஆயிரத்து எண்ணூறு பேருக்குச் சமம் என்று போட்டிருந்தது. பழைய எடைச்சீட்டு ஒன்றைத் திருப்பி, பின்பக்கத்தில் பெருக்கிப் பார்த்தார். போன வெள்ளிக்கிழமை அவர் வீட்டில் இருபத்தாறு விருந்தாளிகள். நாற்பத்தாறாயிரத்து எண்ணூறு. வட்டாரத்தின் மொத்த ஜனத்தொகை நாற்பதாயிரம். அன்று பிறந்த குழந்தைகளையும் சேர்த்து எல்லோரும் பார்த்திருந்தாலும் ஆறாயிரத்து எண்ணூறு பேர் மிச்சம்.

நெவில் மறுபடி ஒருமுறை பெருக்கிப் பார்த்தார். ஒவ்வொரு தலையும் உண்மை. ஒவ்வொரு வயதும் உண்மை. மொத்தம் மட்டும் பச்சைப் பொய். முப்பத்திரண்டு வருடத்தில் ஒரு கிலோ பிசகாதவர், இந்த ஒரு குளிர்காலத்தில் ஒரு வட்டாரத்தையே ஊதிப் பெருக்கிவிட்டார்.

உடனே கடிதம் எழுதினார். ரகசியத்தை உடைத்தது, விருந்தாளிகள், கால அட்டவணை எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டு, பெட்டியை எடுத்துப் போகும்படி கேட்டுக்கொண்டார். எழுதுவது சுலபமாக இருந்தது. தபாலில் போடுவதுதான் முடியவில்லை. பெட்டி போனால் யார் வருவார்கள்? பொத்தான் இல்லாத வீட்டில் ரூல்ஸுக்கும் லீக்குக்கும் என்ன வேலை? கடிதம் இரண்டு வெள்ளிக்கிழமை கடிகாரத்துக்கு அடியிலேயே கிடந்தது. அந்த இரண்டு வாரமும் அவர் ஒவ்வொரு முகமாகப் பார்த்துப் பொத்தானை அழுத்தினார். ப்ளூவுக்குக் கூடுதலாக ஒரு மீட் பை எடுத்து வைத்தார். மேவிஸுக்கு அறுபத்தொன்று என்று அழுத்தினார். அதுதான் அவர் வாழ்க்கையில் தெரிந்து செய்த ஒரே குறைந்த எடை.

மூன்றாவது வாரம் தபால் பெட்டியில் போட்டுவிட்டார். வெள்ளிக்கிழமை ஆறு மணிக்கு ஓர் அதிகாரி வருவார் என்று தொலைபேசி வந்தது.

அந்த வெள்ளிக்கிழமை நெவில் முதல்முறையாகத் தானே சமைத்தார். அறுபது சாசேஜ் வாங்கி இருபதைக் கருக்கினார். ஐரிஸ் எழுதி வைத்திருந்த குறிப்பைப் பார்த்துப் பூசணி ஸ்கோன் சுட்டார். அவை பந்தாக வந்தனவே தவிர ஸ்கோனாக வரவில்லை. நாற்காலிகளைத் துடைத்துப் போட்டார். கடைசி விருந்தாவது தன் கையால் இருக்கட்டும் என்பது அவர் எண்ணம்.

மேவிஸ் எதற்கோ முன்கூட்டியே எட்டிப் பார்த்தார். "ஏன் புகையா இருக்கு? டை வேற கட்டியிருக்கே. யாரு செத்தா?"

"யாரும் சாகல. ஏழு மணிக்கு வா மேவிஸ். சரியா ஏழுக்கு."

"ஏன், அதுக்கு முன்னால வந்தா எண்ண மாட்டியா?"

நெவில் டையைச் சரிசெய்துகொண்டார். மேவிஸ் அவர் முகத்தை ஒரு நொடி பார்த்துவிட்டுப் போனார். அப்போதுதான் நெவிலுக்கு ஒன்று உறைத்தது. இத்தனை வாரத்தில் இவர்களில் ஒருவர்கூட, நம் எண்ணிக்கை ஏறியதா இறங்கியதா என்று அவரிடம் கேட்டதே இல்லை. அதைப் பற்றி யோசிக்க நேரமில்லை. வாசலில் கார் நின்றது.

ரீமா கூரி என்று அந்த அதிகாரி தன்னை அறிமுகம் செய்துகொண்டார். முப்பது வயதிருக்கும். நெவில் அவரை உட்கார வைத்து, தான் நின்றுகொண்டே எல்லாவற்றையும் சொன்னார். எடைச்சீட்டுக் கணக்கையும் காட்டினார்.

"முப்பத்திரண்டு வருஷம் எடை போட்டவன்ம்மா நான். எனக்கே வெக்கமா இருக்கு. என்ன நடவடிக்கை எடுத்தாலும் சரி. ஆனா இந்த ஊர்க்காரங்க மேல எதுவும் வரக் கூடாது. இந்தக் குளிர்காலத்தை நான் தாண்டினது அவங்களாலதான். பொத்தானுக்காக வந்தாங்களோ எதுக்காக வந்தாங்களோ, வந்தாங்க. அது போதும் எனக்கு."

ரீமா எடைச்சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு தன் கைக்கணினியைத் திறந்து எதையோ தேடினார். நெற்றி சுருங்கியது.

"எல்லாரும் ஏழு மணிக்கு வருவாங்க," என்றார் நெவில். "அதுக்கு முன்னால பெட்டியை எடுத்துடறீங்களா? அவங்க எதிர்ல அதைக் கழட்டறதைப் பாக்க எனக்குத் தைரியம் இல்ல."

"சார், இந்தப் பெட்டி எதையும் அனுப்பறதில்ல. சும்மா மினுங்கும், அவ்வளவுதான். உங்க வீட்டை ஏப்ரல் நாலாம் தேதியே கணக்கிலேர்ந்து எடுத்துட்டோம். மிஸஸ் ப்ரோடின்னு ஒருத்தங்க, பெட்டியைப் பாத்துட்டேன், ரகசியம் போச்சுன்னு அவங்களே ஃபோன் பண்ணிச் சொன்னாங்க."

"மேவிஸா?"

வாசலில் நாற்காலிகள் இடித்துக்கொள்ளும் சத்தம் கேட்டது. மணி ஆறரைதான் ஆகியிருந்தது. யார் முதலில் உள்ளே போவது என்று மேவிஸும் ப்ளூவும் படியிலேயே சண்டையைத் தொடங்கியிருந்தார்கள். நடுவில் மாட்டிக்கொண்டு ஃபாதர் டூலன் மீட் பை தட்டைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்திருந்தார்.

"அப்போ இத்தனை வாரமா..." நெவில் ரிமோட்டைப் பார்த்தார், பிளாஸ்திரி போட்ட கட்டைவிரலைப் பார்த்தார். "அப்பவே வந்து ஏம்மா இதை எடுத்துட்டுப் போகல?"

ரீமா கொண்டுவந்திருந்த கோப்பிலிருந்து ஒரு தாளை எடுத்து நீட்டினார்.

"எப்படி சார் எடுக்கறது? 'பெட்டி இருந்தாத்தான் அவன் கதவைத் திறப்பான், தயவுசெஞ்சு குளிர்காலம் முடியற வரைக்கும் எடுத்துடாதீங்க'ன்னு உங்க ஊர் ரூல்ஸ் கிளப்பும் லீக் கிளப்பும் ஒரே மனுவுல கையெழுத்துப் போட்டு அனுப்பியிருந்தாங்களே."